இன்ஷிராஹின் ஏழு நாள்

தன்தா பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இன்ஷிராஹும் நானும் எலிகளைப் பார்த்துக்கொண்டோம். பெண் எலிகளுக்கு மருந்து ஏற்றிச் சர்க்கரை நோய் வரவழைத்திருந்தார்கள். ஈஸ்ட்ரோஜனை உண்டாக்கும் நொதி மூளையிலும் சினைப்பையிலும் எவ்வளவு குறைகிறது என்பதுதான் ஆராய்ச்சி. எலிகளின் சினைச் சுழற்சி நின்றுவிட்டதா என்று தினமும் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்ப்பது இன்ஷிராஹ்.

அவளுக்கும் சர்க்கரை. முப்பத்தொரு வயதில் மாதவிலக்கு நின்றுபோய் ஒன்றரை வருடம். இரண்டுமே மாமியார் தவ்ஹீதாவுக்குத் தெரியாது. தெரிந்தால் மகனுக்கு இன்னொருத்தியைக் கட்டிவைத்துவிடுவாள். அப்படிப்பட்ட கிழவி அது!

இன்சுலின் போட்ட எலிகளுக்குச் சுழற்சி திரும்பியதைப் பார்த்த அன்று, இன்ஷிராஹ் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ராவியாக்கா, எலிக்கே வருது. எனக்கு வராதா?"

"டாக்டர் சொன்னப்பல்லாம் காதுல வாங்குனியாடி? எலி சொல்லணுமாக்கும்!"

அன்றிலிருந்து ஆய்வுக்கூடத்திலேயே ஊசி போட்டுக்கொண்டாள். ரமலான் வந்தது. விலக்கான பெண் நோன்பு வைக்கக்கூடாது; அந்த நாட்களை மாமியார் விரல்விட்டு எண்ணுவாள். அதனால் மாதத் தொடக்கத்திலேயே ஏழு நாள் விலக்கென்று பொய் சொல்லி, வீட்டிலேயே சாப்பிட்டாள். மற்ற நாட்களில் கூண்டுகளுக்குப் பின்னால் ஒளிந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்பாள். சாப்பிடாமல் ஊசி போட்டால் சர்க்கரை அடியோடு இறங்கிவிடும்; வெள்ளிக்கிழமை விடுமுறை, சாப்பிட வழியில்லை என்று ஊசியை விட்டுவிடுவாள்.

மூன்றாவது வெள்ளி பிற்பகலில் போன் வந்தது. குளியலறையிலிருந்து குசுகுசுவென்று பேசினாள்.

"அக்கா, வந்துடுச்சு! நெஜமாவே வந்துடுச்சு!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அல்ஹம்துலில்லாஹ்! முதல்ல ஏதாவது சாப்டு."

"எப்படிக்கா? கிழவி அடுப்படிய விட்டு நகரல. இந்த மாசத்து ஏழு நாளத்தான் தின்னு தீத்துட்டேனே. மறுபடியும்னா சாயம் வெளுத்துடும்."

"ஊசி போடலையே?"

"பையில ஒளிச்சு வச்சிருந்தத போட்டுட்டேன். வந்த சந்தோஷத்துல இன்னிக்கு விட மனசு வரல."

"அடிப்பாவி! ஒரு பிடி சர்க்கரையாவது வாயில போடுடி!"

"நோன்பு திறக்க, மஃரிபுக்கு மூணு மணி நேரந்தானேக்கா. தாங்கிடுவேன்."

அதன்பிறகு அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்திருக்கிறாள். வேர்த்துக் கொட்டியிருக்கிறது. நோன்புக் களைப்பு, தூங்கட்டும் என்று தவ்ஹீதா போர்வை போர்த்திவிட்டிருக்கிறாள். பாங்கு சொன்னபிறகு பேரீச்சம்பழத்தோடு எழுப்பினால், உடம்பு சில்லிட்டிருந்தது.

அடக்கத்துக்கு முன் உடலைக் குளிப்பாட்டும்போது நானும் இருந்தேன். ரத்தத்தைப் பார்த்துத் தவ்ஹீதா திகைத்தாள். "மாசத் தொடக்கத்துலதானே நோன்பு விட்டா? இது என்ன?"

எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். ஆத்திரத்தில் கத்தினேன் என்றே வையுங்கள். கிழவி ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எங்கிட்ட சொல்லியிருந்தா நானே ஊட்டியிருப்பேனே!"

ஊட்டியிருப்பாளா, சாமான் செட்டோடு அவளைத் துரத்தியிருப்பாளா, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என் வீடு இரண்டு தெரு தள்ளி. போனை வைத்துவிட்டு நான் பெருநாள் பிஸ்கட்டுக்கு மாவு பிசைந்தேன். மூன்று மணி நேரம்தானே என்று நானும் நினைத்தேன்.