ஆர்கான் நிரம்பிய பால் டேங்க்

ஆர்கான் பாடத்தை நான் சிரிக்கச் சிரிக்க நடத்தியவள். அணுவின் நடுவில் கரு, சுற்றிலும் கூடு கூடாக எலக்ட்ரான்கள். ஆர்கானுக்கு இரண்டு, எட்டு, எட்டு. கடைசிக் கூட்டில் எட்டும் நிறைந்துவிட்டதால் யாரிடமும் வாங்காது, யாருக்கும் கொடுக்காது, யாரோடும் சேராது. "வசதி வந்ததும் சொந்தக்காரங்களத் தெரியாதுங்கற பெரிய மனுசனாட்டம்" என்பேன். இண்டூர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கொல்லென்று சிரிக்கும்.

என் தம்பிக்கு அந்த ஆர்கான்தான் சோறு போட்டது. அதியமான்கோட்டையில் ரோட்டோரப் பட்டறை ஒன்றில் எவர்சில்வர் பால் டேங்குகளுக்கு வெல்டிங் வைப்பான். வெளியே பற்றவைக்கும்போது உள்பக்கம் காற்றுப் பட்டால் எவர்சில்வர் கருத்துப் பொரிந்துவிடும். அதனால் டேங்குக்குள் ஆர்கானை நிரப்பிக் காற்றை வெளியே தள்ளிவிடுவார்கள். சூட்டிலும் உலோகத்தோடு ஒட்டாத வாயு அது ஒன்றுதான் அவர்களுக்குக் கிடைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனுக்குக் களியும் கருவாட்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு போனேன். அவனுடைய கூட்டாளி மட்டும் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான்.

"எங்கடா அவன்?"

"வேல முடிஞ்சிதுங்க அக்கா. கேஸ மூடிட்டு, உள்ளார கிளாம்ப் எடுக்கப் போனான்."

டேங்கின் மேலேறி வாயில் எட்டிப் பார்த்தேன். என் தம்பி ஒருக்களித்துப் படுத்திருந்தான், தூங்குகிறவன் மாதிரி. உதடு நீலம். கேஸை மூடினால் போதும், காற்று தானாக வந்து நிறைந்துவிடும் என்று நினைத்துவிட்டார்கள். ஆர்கான் காற்றைவிடக் கனமானது. நிறுத்தின பிறகும் அடியில் தண்ணீர் போலத் தேங்கிக் கிடக்கும்.

கூட்டாளி ஓடிவந்து வாய்க்குள் ஒரு காலை விட்டான். அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன்.

"எறங்காதடா! உள்ள காத்தில்ல!"

"ஒரு நாத்தமும் இல்லீங்களே அக்கா! உடுங்க!"

நாற்றம் இருந்தால் என் தம்பி ஏன் சாகிறான்? இருமல் வராது, கண் எரியாது. மூச்சு முட்டுகிற உணர்வுகூட வராது. ரெண்டு இழுப்பில் ஆள் சாய்ந்துவிடுவான்.

எங்கள் பக்கம் புழங்காத கிணற்றில் தூர்வார இறங்குவதற்கு முன்னால் விளக்கை ஏற்றிக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் யாரும் இறங்க மாட்டார்கள். என் தம்பியும் இவனும் அப்படி விளக்கு இறக்கியவர்கள்தான். பாழுங்கிணறு என்றால் பயம் வரும், பளபளவென்று இருக்கிற புது டேங்கைப் பார்த்து யாருக்கு வரும்? அவனைப் பின்னால் தள்ளிவிட்டு, எண்ணெய்த் துணி ஒன்றைக் கம்பியில் கட்டிக் கொளுத்தி உள்ளே இறக்கினேன். பாதி வழியிலேயே பொசுக்கென்று அணைந்தது.

அதைப் பார்த்தும் அவன் அடங்கவில்லை. "மூச்சப் புடிச்சிக்கிட்டு இழுத்தாந்துடறேன்க்கா" என்று திமிறினான். சட்டை கிழிந்தது. நான் விடவில்லை. "கம்ப்ரஸர் குழாய எடுத்தாடா, நாயே!" என்று கத்தினேன். டீக்கடையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். அடி வால்வைத் திறந்து, காற்றை உள்ளே அடித்து, இன்னொரு துணியைக் கொளுத்தி இறக்கி அது நின்று எரிந்த பிறகுதான் அவனை இறங்கவிட்டேன். தர்மபுரி ஆஸ்பத்திரியில் டாக்டர் என் தம்பியின் கண்ணை விரித்துப் பார்த்தார். அவ்வளவுதான்.

கருமாதியன்று தம்பி பெண்டாட்டி சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள். "எறங்கறேன்னவரப் புடிச்சி வெச்சது நீங்கதான அண்ணி? உட்டிருந்தா எங்க வூட்டுக்காரரு இருந்திருப்பாருல்ல?"

விளக்கினேன். கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. அம்மாவும் அவள் பக்கம்தான்.

பந்தலுக்கு வெளியே அந்தக் கூட்டாளி நின்றான். "என்ன உட்டிருக்கலாம்ங்க அக்கா" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை அறைந்துவிட்டேன்.

விட்டிருந்தால் ரெண்டு பிணம். அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. அந்தக் கூட்டாளியின் மனைவி மட்டும் கைக்குழந்தையோடு அவ்வப்போது என்னைப் பார்க்க வருகிறாள். வாசலில் நின்று "அக்கா" என்று கூப்பிடுகிறாள். நான் வீட்டுக்குள்தான் இருக்கிறேன். இந்தப் பாழாய்ப்போன மனசு கதவைத் திறக்க மாட்டேன் என்கிறது.