இன்றைக்கு என்ன கறி?

லண்டன் நோர்பரிச் சனிக்கிழமைச் சந்தையில் வைன் விற்ற அந்த இத்தாலியரின் பெயரை நான் கேட்டதேயில்லை. ஒல்லியான மனிதர். ஜூலை மாதத்திலும் கழுத்தில் கம்பளிச் சால்வை. தெற்கு இத்தாலி மலைச்சரிவில், உரோமர் காலத்துக்கும் முந்திய கறுப்புத் திராட்சை ஒன்றை அவருடைய குடும்பம் வளர்த்து வைன் ஆக்கியது. யார் போத்தலைத் தொட்டாலும் "இன்றிரவு என்ன சமையல்?" என்று கேட்பார். பதில் பிடித்தால்தான் விற்பார்.

"ஆட்டிறைச்சிக் கறி, நல்ல உறைப்பு" என்றேன்.

"அப்படியானால் தண்ணீர் குடியுங்கள்" என்று போத்தலைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

வீட்டில் சொன்னதும் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கட கறியைத் தின்னாமலே சொல்லுறாரோ? கொண்டுபோய்க் குடுங்கோ."

அடுத்த சனிக்கிழமை ஒரு பெட்டியில் கறி கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணீர் வழியச் சாப்பிட்டார். பாண் துண்டால் பெட்டியை வழித்துத் துடைத்தார்.

"இப்போது நிச்சயமாகச் சொல்கிறேன். இதற்கு என் வைன் தேவையில்லை. உறைப்பைக் குறைத்தால் வாருங்கள்."

"ஒரு போத்தலுக்காக உறைப்பைக் குறைக்க ஏலாது" என்றாள் மனைவி.

இப்போது அவர் சந்தைக்கு வருவதில்லை. போன கிழமை சூப்பர் மார்க்கெட்டில் அதே திராட்சையின் வைனைக் கண்டு ஆசையாக எடுத்தேன். பணம் கட்டும் மெஷின், தலை நரைத்த என்னிடம், பதினெட்டு வயது ஆகிவிட்டதா என்று மட்டும் கேட்டது.

போத்தலைத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.