அட்ராக்டா சொன்ன நாலு புள்ளி

கையாலும் காலாலும் ஆடும், கேலிக் என்ற எங்கள் அயர்லாந்துக் கால்பந்தில் ஒரு சம்பிரதாயம் உண்டு. இறுதி ஆட்டத்துக்கு முந்தின வாரம் யாராவது உங்களைக் கடைத்தெருவில் நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை எப்படி என்று கேட்டால், நம் பையன்களுக்கு எங்கே முடியும், பத்துப் புள்ளிக்குள் தோற்றால் போதும் என்றுதான் சொல்ல வேண்டும். கேட்டவன் ஆற்றுக்கு அக்கரை டிரம்சல்லாக்காரனாக இருந்தால் அவனும் சும்மா விடமாட்டான். தங்கள் கோல்கீப்பருக்கு முதுகுவலி, நடுக்களத்தில் ஓட ஆளில்லை, நீங்கள்தான் எங்களை உரித்துத் தோரணம் கட்டப் போகிறீர்கள் என்பான். இப்படியே இரண்டு பேரும் மழையில் நின்றுகொண்டு, யார் அணி அதிக மட்டம் என்று கால் மணி நேரம் மல்லுக்கட்டுவோம். பிறகு வீட்டுக்குப் போய், கோப்பையை ஊர்வலமாகக் கொண்டுவர யாருடைய டிராக்டரைக் கேட்கலாம் என்று யோசிப்போம்.

மனசுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் ஜெயிக்கலாம். வாயைத் திறந்து சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அதிர்ஷ்டம் போய்விடும், அதைவிட முக்கியமாக, எதிரணியின் காதில் விழுந்துவிடும். ராஸ்காமன் கவுண்டியில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

தெரியாத ஒரே ஆள் எங்கள் கில்காரன் ஊரின் அட்ராக்டா கனிஃப்.

ரயில்வே கேட் காவலர் வீட்டில் ஐந்து அண்ணன்களுக்குப் பிறகு பிறந்தவள். அண்ணன்கள் பந்து உதைத்துப் பழக யாராவது கோலில் நிற்க வேண்டியிருந்தது, இவளை நிற்க வைத்தார்கள். இருபது வயதில் டப்ளினுக்குப் போய் முடிவெட்டக் கற்றுக்கொண்டாள். அங்கே ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பற்றித் திங்கட்கிழமை ஒருத்தரும் பேசவில்லை என்று நாலே வருஷத்தில் திரும்பி வந்துவிட்டாள். லாரி ஓட்டிய பாட்ரிக்கைக் கட்டிக்கொண்டாள். பாட்ரிக் அதிகம் பேசாத மனிதன். பேசுவதற்கு அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை என்று நாங்கள் சொல்வோம். அவன் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது.

பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அவள் சலூன். ஒரே ஒரு நாற்காலி. இக்கரைத் தலைகளும் வரும், அக்கரைத் தலைகளும் வரும். இடது கையால் கத்தரி பிடிப்பாள், கேட்ட மாதிரி வெட்டமாட்டாள், தனக்குப் பிடித்த மாதிரிதான் வெட்டுவாள். கத்தரி ஓடும்போதெல்லாம் வாயும் ஓடும். நாற்காலியில் உட்கார்ந்தது எங்கள் ஆட்டக்காரனாக இருந்தால், கடைசியில் தோளில் இருக்கும் முடியைத் தட்டிவிட்டு, நாம் ஜெயிக்கப் போகிறோம் என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லி அனுப்புவாள். எத்தனை புள்ளி என்பதையும் சேர்த்துச் சொல்வாள். முப்பத்தெட்டு வருஷமாகச் சொல்கிறாள். 1982-க்குப் பிறகு நாங்கள் ஒரு கோப்பையும் வாங்காமலே இருந்தது அவளுக்கு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை.

இனி 2009-க்கு வருகிறேன். வராமல் முடியாது.

அந்த வருஷம் டிரம்சல்லாவோடு இறுதி ஆட்டம். முந்தின வாரம் உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் முடிவெட்டிக்கொள்ள வந்தார். அட்ராக்டா அவரிடம், டிரம்சல்லாவின் தடுப்பாட்டக்காரர்கள் திரும்புவதற்குள் வைக்கோல் வண்டி திரும்பிவிடும், நாங்கள் நாலு புள்ளி வித்தியாசத்தில் ஜெயிப்போம் என்று சொல்லிவிட்டாள். புதன்கிழமைப் பத்திரிகையில் அவள் படத்தோடு கொட்டை எழுத்தில் வந்தது. டிரம்சல்லா பயிற்சியாளர் ஃபெர்கல் டோலன் அதைக் கத்தரித்துத் தன் அணியின் உடைமாற்றும் அறைக் கதவில் ஒட்டினான். ஆட்டத்துக்கு ஓடிவரும்போது ஒவ்வொருவனும் அந்தத் தாளை ஓங்கி அறைந்துவிட்டு வந்தானாம். நாங்கள் ஒரு புள்ளியில் தோற்றோம்.

தவளை தன் வாயால் கெடும், இவள் வாயால் ஊரே கெட்டது என்றார்கள். அன்றிலிருந்து எங்கள் அணி எங்கே தோற்றாலும் அட்ராக்டாவின் நாக்குதான் காரணம். அவள் லண்டனில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த வாரம் தோற்ற ஆட்டத்துக்கும் அதுதான் காரணம். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, ஆனால் ஆட்டம் முடிந்ததும் மதுக்கடைக்கு எல்லோரோடும் வருவதை நிறுத்திவிட்டாள்.

இப்போது என்னைப் பற்றி. என் பெயர் ஆலிவர் ரேட்டிகன், வயது அறுபத்தெட்டு, ஊர்க் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர். 2009-இல் நான் அணித் தேர்வாளன். யாரை இறக்குவது, யாரை வெளியே எடுப்பது என்பது என் கையில். அன்றைக்கு ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது எங்கள் டெக்லன் ஹெஸ்டர் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான். எங்கிருந்து கொடுத்தாலும் ஃப்ரீ கிக்கைக் கோலின் குறுக்குக் கம்பத்துக்கு மேலே அடித்துப் புள்ளி சேர்ப்பவன். தொடைச் சதை பிடித்துக்கொண்டது என்று நினைத்து அவனை வெளியே வரச் சொன்னேன். அவன் குனிந்து காலைக் காட்டிக் காட்டி என்னவோ கத்தினான். நான் இன்னும் வேகமாகக் கையை ஆட்டினேன். வெளியே வந்த பிறகுதான் பார்த்தேன், காலுக்கு ஒன்றும் இல்லை. ஷூ லேஸ் அறுந்திருந்தது. அடுத்த இரண்டாவது நிமிஷத்தில் எங்களுக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது, டெக்லன் தூக்கத்தில்கூட அடிக்கக்கூடிய இடம். அவனுக்குப் பதிலாக வந்தவன் வெளியே அடித்தான்.

டெக்லன் நல்ல பையன். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் அடுத்த மாதம் ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். ஊர் பத்திரிகைத் தாளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. நான் அந்த முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, ஊரோடு சேர்ந்து தலையை ஆட்டினேன். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். பதினாலு வருஷம்.

2023-இல் மறுபடியும் இறுதி ஆட்டம், மறுபடியும் டிரம்சல்லா, மறுபடியும் அதே ஃபெர்கல் டோலன். பழைய தாளை அவன் பத்திரமாக வைத்திருக்கிறான், மறுபடி கதவில் ஒட்டப் போகிறான் என்று செய்தி வந்தது. சங்கத்தின் கூட்டத்தில் பேசப்பட்ட முதல் விஷயம் அட்ராக்டாவின் வாயைக் கட்டுவது. யார் போய்ச் சொல்வது என்றபோது எல்லோரும் செயலாளரைப் பார்த்தார்கள்.

நான் போனபோது அவள் தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். சுற்றி வளைத்து ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"சரி ஆலிவர். ஞாயித்துக்கிழமை முடியற வரைக்கும் பந்தைப் பத்தி என் வாயில இருந்து ஒரு வார்த்தை வராது."

வரவில்லை. இறுதி ஆட்டத்துக்குப் படம் எடுப்பார்கள் என்பதால் எங்கள் பையன்கள் எல்லோரும் ஆட்டத்துக்கு முந்தின இரண்டு வாரத்துக்குள் முடிவெட்டிக்கொள்வார்கள். ஒருவன் பின் ஒருவனாகப் போனார்கள். அட்ராக்டா மழையைப் பற்றிப் பேசினாள், உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசினாள், தோளில் முடியைத் தட்டிவிட்டுப் போகச் சொன்னாள். எங்கள் ஃப்ரீ கிக் ஆள் ரூரி பேர்ன், இருபத்து மூன்று வயதுக் காளை, அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தான்.

"ஆலிவர், அட்ராக்டா ஒண்ணுமே சொல்லலியே. நாம தோத்துடுவோம்னு அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சா?"

அதெல்லாம் ஒன்றுமில்லை என்றேன். அப்படியென்றால் நீங்கள் சொல்லுங்கள், ஜெயிப்போமா என்று கேட்டான். பழக்க தோஷம், பத்துப் புள்ளிக்குள் தோற்றால் போதும் என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஊரில் ஒருத்தரும் சொல்லக் கூடாத அந்த ஒரு வார்த்தையை எங்கள் எல்லோருக்காகவும் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். நாங்கள் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, காது குளிரக் கேட்டுவிட்டு, வாயாடி என்று திட்டிக்கொண்டே நெஞ்சை நிமிர்த்தி வெளியே வருவோம். அதை நானே போய் அடைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அப்போதாவது போய்ப் பேசியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை.

ஆட்டத்தின் முதல் பாதியைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. எங்கள் பையன்கள் பந்து கையில் வந்தால் சூடு பட்டதுபோல் அடுத்தவனிடம் தள்ளினார்கள். ரூரி அடித்த மூன்று ஃப்ரீ கிக்கும் வெளியே போயின. இடைவேளையில் ஐந்து புள்ளி பின்தங்கியிருந்தோம். பார்வையாளர் வரிசையில் எங்களவர்கள், பார்த்தாயா, நான் அப்போதே சொன்னேன் என்று திருப்தியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் படியேறி நாலாவது வரிசைக்குப் போனேன். அட்ராக்டா சிவப்பு வெள்ளைத் தொப்பியோடு, மடியில் பன்றிக்கறி சாண்ட்விச் டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். பையன்களிடம் வந்து ஏதாவது சொல் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை இன்னும் முடியவில்லையே என்றாள்.

சுற்றிலும் ஆட்கள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"2009-ல தோத்தது உன்னால இல்ல அட்ராக்டா, என்னால. டெக்லன் கால் நல்லாத்தான் இருந்துச்சு. அறுந்தது ஷூ லேஸு. நான்தான் அவசரப்பட்டு வெளிய இழுத்துட்டேன்."

அவள் டப்பாவை மூடினாள். "தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஆஸ்திரேலியாவுக்குப் போறதுக்கு முந்தின நாள் டெக்லன் முடிவெட்டிக்க வந்தான். லேஸ் கதையைச் சொல்லி அழுதான்."

"பதினாலு வருஷமாத் தெரியுமா? ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"நாற்காலில உக்காந்து சொன்னது நாற்காலியோட போயிடணும். என்னைக்காச்சும் நீயே சொல்லுவேன்னு பாத்தேன். ரொம்ப நாள் எடுத்துக்கிட்டே."

எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. ஊரிலேயே பூட்டுப் போட்ட வாய் ஒன்று இருந்தது என்றால் அது இவளுடையது. அதைத்தான் நாங்கள் பதினாலு வருஷம் ஓட்டை வாய் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

உடைமாற்றும் அறைக்குள் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பயிற்சியாளர் தடுக்கவில்லை, அவரிடம் சொல்வதற்கு வேறு எதுவும் மிச்சமில்லை. முதலில் நான் பேசினேன். லேஸ் கதையை அத்தனை பேருக்கும் சொன்னேன். அட்ராக்டா நேராக ரூரியிடம் போனாள்.

"தலையை நிமித்துடா. நீ தரையைப் பாக்கறதுக்கா நான் அவ்வளவு அழகா வெட்டி விட்டேன்?"

அவன் நிமிர்ந்தான்.

"நாலு புள்ளில ஜெயிக்கிறோம்," என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அக்கரைத் தலைகளையும் வெட்டியவள், அந்த நாற்காலியில் எவனெவன் பயந்தான் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். அதைச் சொல்லவில்லை. முதலில் சிரித்தது எங்கள் கோல்கீப்பர், பிறகு எல்லோரும்.

இரண்டாவது பாதியில் வேறு பதினைந்து பேர் வந்ததுபோல் இருந்தது. வலைக்குள் ஒரு கோல் அடித்து மூன்று புள்ளி, பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று. சமமானோம். அவர்கள் ஒன்று அடித்தார்கள், நாங்கள் ஒன்று அடித்தோம். கடைசி நிமிஷத்தில் இடது ஓரத்தில், எதிர்க்காற்றில், எங்களுக்கு ஒரு ஃப்ரீ கிக். நான் பார்க்கவில்லை, குனிந்து என் ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நாற்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு கோப்பை. பெரிய மனிதர்களெல்லாம் சேற்றில் மண்டியிட்டு அழுதார்கள். அட்ராக்டா மட்டும் புள்ளிப் பலகையைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"ஒரு புள்ளிதானா? நான் நாலுன்னு சொன்னேன்."

அன்று மதுக்கடையில் அவளுக்குத்தான் முதல் நாற்காலி போட்டோம். வந்து உட்கார்ந்தாள்.

செவ்வாய்க்கிழமை நான் முடிவெட்டிக்கொள்ளப் போனேன். எனக்கு முன்னால் ஃபெர்கல் டோலன் உட்கார்ந்திருந்தான். கண்ணாடியின் ஓரத்தில் மஞ்சளாகிப்போன பத்திரிகைத் தாள் ஒன்று செருகியிருந்தது. இரண்டு இறுதி ஆட்டத்து அறை வாங்கி அட்ராக்டாவின் முகமே அதில் தேய்ந்துபோயிருந்தது. இனி எங்களுக்கு இது உதவாது, நீயே வைத்துக்கொள் என்று அவனே கொண்டுவந்து கொடுத்தானாம். பிறகு சம்பிரதாயப்படி, அடுத்த வருஷமும் உங்கள் கோப்பைதான், எங்களிடம் ஆள் ஏது என்று ஆரம்பித்தான்.

அட்ராக்டா கத்தரியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். அறுபத்தெட்டு வயதுவரை நான் சொல்லாத வார்த்தை.

"அடுத்த வருஷமும் ஜெயிப்போம்," என்றேன்.

"எத்தனை புள்ளில?" என்று கேட்டாள் அட்ராக்டா.

"ஆறு."

ஃபெர்கல் டோலன் துணிக்கு அடியிலிருந்து மெதுவாகக் கையை வெளியே எடுத்து, அவளிடம் ஒரு தாளும் பேனாவும் கேட்டான்.