விசாத் தாளில் வைத்த மஞ்சள்

இதை எழுத எனக்கு ஏழு வருஷம் ஆகியிருக்கிறது. மூன்று முறை தாள் வாங்கி வந்து உட்கார்ந்தேன். மூன்று முறையும் இரண்டு வரி எழுதி மடித்து வைத்துவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வெட்கம். இன்னொன்றும் உண்டு, அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

இந்த ஆடியில் எங்கள் வேடியப்பன் கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர் ஒருவர், என் மகளின் கதையை என்னிடமே சொன்னார். சாமி கனவில் வந்து அரபு எழுத்தைப் படித்துக் காட்டினாராம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இனியும் தள்ளிப்போட்டால் பொய்தான் மிஞ்சும் என்று தோன்றியது. வேடியப்பனை நம்புகிற குடும்பங்களே, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து நடந்து போகிற தூரத்தில் எங்கள் ஊர். சாமை விதைப்போம், புளி உலுக்குவோம். எங்கள் மூத்த மகள் ராஜாத்தி வேலூரில் நர்சு படிப்பு முடித்தாள். எங்கள் ஊரில் அந்தப் படிப்புப் படித்த முதல் பெண் அவள்தான். திருப்பத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் வேலை பார்த்தாள். அங்கே கூட வேலை பார்த்த ஒரு பெண், பேரை மாற்றிச் சாந்தி என்று சொல்கிறேன், குவைத்துக்குப் போக மெட்ராசில் ஒரு ஏஜண்டைப் பிடித்தாள். ராஜாத்தியும் அதே ஆளிடம் பேர் கொடுத்தாள்.

எனக்குச் சந்தோஷம்தான். என் மனைவி முனியம்மாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

"இன்னா வேலை, யாரு வூடு, யாரு ஆஸ்பத்திரி, ஒண்ணும் தெரியல. கடலத் தாண்டி அனுப்புறேன்றீங்க."

"உனக்கு மலைக்குக் கீழ இருக்கிற அமிர்தியே தெரியாது. குவைத்து தெரியலன்னு பேச வந்துட்டா" என்று நான் அவள் வாயை அடைத்தேன். அந்தப் பேச்சுக்கு இன்றைக்கும் வருந்துகிறேன்.

பாஸ்போர்ட்டு வர எட்டு மாசம் ஆனது. விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் மலையேறிக் களைத்து, எங்கள் வீட்டில் இரண்டு சொம்பு மோர் குடித்துவிட்டு, "உம் பொண்ணு குவைத்து போறதுக்குள்ள நான் செத்துடுவேன் போலிருக்கே" என்றார். அப்புறம் எண்பத்தொன்றாம் வருஷம் ஆடி மாசம் விசாத் தாள் வந்தது. ஒற்றைத் தாள். முழுக்க அரபு எழுத்து, கீழே வட்டமாக ஊதா முத்திரை. அதை வாங்கிக்கொண்டு ராஜாத்தி ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தாள். சாந்தி அந்த வாரமே கிளம்புவதாகவும், தனக்கு அடுத்த புதன்கிழமை மெட்ராசுக்கு வரச் சொல்லியிருப்பதாகவும் சொன்னாள். தாளைச் சாமியிடம் வைத்து எடுக்கச் சொல்லிவிட்டு, வேலை இருக்கிறது என்று மறுநாள் காலை பஸ்ஸுக்கே திரும்பிவிட்டாள். செவ்வாய்க்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

சனிக்கிழமை நானும் முனியம்மாவும் கோயிலுக்குப் போனோம். என் வேண்டுதல் இதுதான்: "அப்பனே, எந்தத் தடங்கலும் வராமல் என் பெண் போய்ச் சேர வேண்டும்." முனியம்மா வாய்விட்டே வேண்டிக்கொண்டாள். "நல்ல எடம்னா நீயும் கூடப் போ. நல்ல எடம் இல்லன்னா, யார் கையாலயாவது இங்கியே நிறுத்திடு." அபசகுனமாகப் பேசாதே என்று சன்னிதியிலேயே அவளைக் கடிந்துகொண்டேன்.

கல்யாணப் பத்திரிகை வந்தால் என்ன செய்வோம்? நாலு மூலையிலும் மஞ்சள் வைப்போம். வீட்டுக்கு வந்த நல்ல காரியத்துத் தாளை மஞ்சளில்லாமல் சாமி முன் வைக்க எனக்கு மனசு வரவில்லை. மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து, நாலு மூலைக்கும் தாராளமாக வைத்து, சாமி காலடியில் வைத்தேன். அபிஷேகம் ஆன கல். ஈரம் இருந்தது. கற்பூரம் காட்டி முடித்துக் கும்பிட்டு எழுந்து பார்க்கிறேன், தாள் கல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மெல்லப் பிரித்தேன். ஊதா முத்திரை கலங்கி ஓடியிருந்தது. அதற்கு மேலே ஒரு வரி மஞ்சளில் மூழ்கிக் கரைந்துபோயிருந்தது.

தடங்கல் வரக்கூடாது என்று வேண்டிய வாய் மூடும் முன்னே தடங்கல் வந்துவிட்டது. அதுவும் என் கையால். சாமியைப் பார்த்து, "உனக்கு நான் என்ன குறை வைத்தேன்?" என்று கேட்டுவிட்டேன். அன்றும் மறுநாளும் சோறு இறங்கவில்லை. மகள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்பதே நினைப்பு. முனியம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

திங்கட்கிழமை காலை அவள்தான் சொன்னாள். "அழிஞ்சது இன்னா எழுத்துன்னு கண்டுபுடிச்சா, மறுபடி எழுதி வாங்கலாமே. பாய் அந்த எழுத்தத் தெனம் ஓதுறவரு. போய்க் கேளுங்க."

பாய் என்றால் திருப்பத்தூரில் புளி மண்டி வைத்திருக்கும் பெரியவர். எங்கள் புளி இருபது வருஷமாக அவர் மண்டிக்குத்தான் போகிறது. அவர் தம்பி குவைத்தில் கடை வேலையில் இருந்தார். தாளைப் பழைய பஞ்சாங்கத்துக்குள் வைத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு முதல் பஸ்ஸில் இறங்கினேன்.

பாய் தாளைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"இன்னா கவுண்டரே, விசாவுக்குக் கல்யாணமா? மஞ்சளும் குங்குமமுமா இருக்கு!"

"குங்குமம் வைக்கல பாய். மஞ்சள் மட்டும்தான்."

"அந்த மட்டும் புண்ணியம்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வலமிருந்து விரல் வைத்துப் படித்தார். ராஜாத்தி பேர் சரி. பாஸ்போர்ட்டு நம்பர் சரி. அழிந்த வரி தேதி என்று நினைக்கிறேன் என்றார். அப்புறம் விரல் ஓர் இடத்தில் நின்றது. சிரிப்பும் நின்றது.

"பொண்ணு இன்னா படிச்சிருக்கு?"

"நர்சு. உங்களுக்குத் தெரியுமே பாய்."

"இதுல நர்சுன்னு இல்லியே. வூட்டு வேலைக்காரின்னு போட்டிருக்கு. ஒரு ஆளு பேரு இருக்கு, அவரு வூட்டுக்குன்னு. ஆஸ்பத்திரி பேரே இல்ல."

எனக்கு நம்ப முடியவில்லை. "மஞ்சள் பட்டு எழுத்து மாறிப்போயிருக்கும் பாய்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மஞ்சள் எழுத்த அழிக்கும் கவுண்டரே. புதுசா எழுதாது."

அதோடு விடாமல், மண்டியை ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, பள்ளிவாசலில் அரபு சொல்லிக்கொடுக்கும் ஹஜ்ரத்திடம் என்னை அழைத்துப்போனார். தான் படித்ததைச் சொல்லாமல் தாளை நீட்டினார். ஹஜ்ரத்தும் அதையே படித்தார். வீட்டு வேலைக்காரி.

நானும் பாயும் ராஜாத்தியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். தாளைக் கண்டதும் அவள் முகம் சிவந்துவிட்டது.

"அப்பா! இன்னாப்பா பண்ணி வச்சிருக்கீங்க? ரெண்டு வருஷமா அலைஞ்சி வாங்கினேன். யாராவது விசாவுக்கு மஞ்சள் வைப்பாங்களா?"

பாய் விஷயத்தைச் சொன்னார். அவள் கொஞ்சம் தடுமாறினாள். பிறகு, "எந்த விசாவுல போனாலும், போனதும் ஆஸ்பத்திரிக்கு மாத்திக்கலாம்னு ஏஜண்டு சொன்னாரு" என்றாள். அவளுக்கு அரைகுறையாகத் தெரிந்தே இருந்திருக்கிறது. எங்களிடம் சொல்லவில்லை.

"கேளும்மா" என்றார் பாய். "எந்தம்பி அங்க ஒம்போது வருஷமா இருக்கான். வூட்டு விசாவுல போனா அந்த வூட்டுக்காரன்தான் உனக்கு எல்லாம். பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்குவான். அவன் விட்டாத்தான் வேற எடம். நர்சா போறதுன்னா ஆஸ்பத்திரியே உன்னக் கூப்புடணும். மெட்ராசுல வந்து இன்டர்வியூ வைக்கிறாங்க, சர்டிபிகேட்டப் பாக்கிறாங்க. இன்ன வேலை, இன்ன சம்பளம்னு ஒப்பந்தம் குடுக்கிறாங்க. விசாவுலயே நர்சுன்னு இருக்கும். வெளிநாட்டு வேலைக்குப் போறவங்களப் பாக்குறதுக்கு மெட்ராசுல கவர்ன்மெண்டு ஆபீசு இருக்கு, அங்க ஒப்பந்தத்தக் காட்டிக் கேளு. இதெல்லாம் லேட்டாகும். ஆனா நீ நர்சாப் போவ."

அவள் நர்சு உடுப்போடு ஆஸ்பத்திரிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். திடீரென்று எழுந்து, "சாந்தி!" என்றாள்.

மூவரும் தபால் ஆபீசுக்கு ஓடினோம். சாந்தி வீட்டுக்குத் தந்தி கொடுத்தோம். அவள் அதற்கு முந்தின நாளே, குவைத்து விமானம் பிடிக்கப் பம்பாய்க்கு ரயிலேறியிருந்தாள். தந்தியை அவள் அப்பாதான் வாங்கினார்.

நான் இத்தனை வருஷம் எழுதாததற்கு இன்னொரு காரணம் இதுதான். சாந்தி இரண்டு வருஷம் ஒரு வீட்டில் பாத்திரம் கழுவினாள், பிள்ளை பார்த்தாள். ஒரு நாள்கூட ஊசி போடவில்லை. உயிரோடு திரும்பி வந்தாள், அந்த மட்டும் நன்றி. அவள் அப்பா ஒரு முறை என்னைச் சந்தையில் பார்த்துக் கேட்டார். "நானுந்தாங்க கோயிலுக்குப் போயிக் கும்புட்டேன். எனக்கு ஏன் மஞ்சள் வைக்கணும்னு தோணல?" என் பக்திதான் பெரியது என்று நான் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். எனக்குக் கிடைத்தது கருணை. அவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதைச் சாமியிடம்தான் கேட்க வேண்டும். இப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ராஜாத்தி பதினான்கு மாசம் காத்திருந்தாள். முதல் இரண்டு மாசம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு பேப்பரில் வந்த விளம்பரம் பார்த்து, மெட்ராசில் நடந்த இன்டர்வியூவுக்குப் போனாள். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்தார்கள். ஒப்பந்தத்தை அந்தக் கவர்ன்மெண்டு ஆபீசில் காட்டிக் கேட்டுக்கொண்டாள். விசா வந்ததும் நேராகப் பாய் மண்டிக்குக் கொண்டுபோனாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். ஆஸ்பத்திரி பேர் இருந்தது. நர்சு என்று இருந்தது.

"இப்பக் கொண்டுபோயி சாமிகிட்ட வை. உங்கப்பன் கைல மட்டும் குடுத்துடாத" என்றாராம்.

தாளை முனியம்மாதான் கையில் பிடித்துச் சாமிக்குக் காட்டினாள். தாள் வந்த காலிக் கவரில் நான் மஞ்சள் வைத்தேன். அந்தக் கவர் இன்னும் எங்கள் சாமி மாடத்தில் இருக்கிறது. அன்றைக்குச் சன்னிதியில் முனியம்மாவிடம் சொன்னேன்: "அன்னிக்கு சாமி கேட்டது உன் வேண்டுதல. என்னுது இல்ல." அதைச் சொல்ல எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள், "எனக்குத் தெரியும்" என்றாள். அவ்வளவுதான்.

ராஜாத்தி போய் ஆறாவது வருஷம் நடக்கிறது. பிள்ளைகள் வார்டில் இருக்கிறாள். போன விடுமுறையில் வந்தபோது, எழுதுங்கள் என்று அவளே சொன்னாள். நானும் மாறியிருக்கிறேன். தடங்கல் வரக்கூடாது என்று இப்போது நான் வேண்டுவதில்லை. நல்லதில்லை என்றால் நிறுத்திவிடு என்றே வேண்டுகிறேன். மலையிலும் அடிவாரத்திலும் இருந்து வெளிநாட்டுத் தாளோடு யார் வந்தாலும், பாயிடம் அழைத்துப்போகிறேன். கும்பிடுவதும் படிக்கச் சொல்லிக் கேட்பதும் ஒன்றுக்கொன்று விரோதமில்லை. என் சாமி எனக்கு அப்படித்தான் காட்டினார்.

உங்கள் வீட்டிலும் காரியம் கெட்டுப்போகலாம். உங்கள் கையாலேயே கெடலாம். உடனே சாமியைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு வாரம் பொறுங்கள். தெரிந்தவரிடம் காட்டிக் கேளுங்கள். நம்பிக்கையை விடாதீர்கள்.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், பெண்ணை அனுப்பப்போகிற வீடுகளுக்கு முக்கியமாகச் சொல்லுங்கள். ஆனால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். கனவு வந்தது என்று சேர்க்க வேண்டாம். மஞ்சள் வைத்தது என் அறியாமை, அதை அழகாக்க வேண்டாம். படித்தது பாய், அவரை விட்டுவிட வேண்டாம். நேரமில்லை என்று சுருக்கினாலும், தந்தி போய்ச் சேராத அந்தப் பெண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள்.