ஒரு ஹார்ட் டிஸ்க்குக்கு ஆறு ஷிஃப்ட்

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு யாரும் நல்ல செய்தி கொண்டுவருவதில்லை. எட்டு வருஷம் தினமும் ரயிலேறி பெங்களூரில் ஒரு கம்பெனியில் இதே வேலையைப் பார்த்துவிட்டு, அலுத்துப்போய் எங்கள் தங்கச் சுரங்க ஊர் ராபர்ட்சன்பேட்டையில் சொந்தக் கடை போட்டவள் நான். அங்கே ஒரு டிஸ்க் தேறாது என்று சொன்னால் பேசாமல் எடுத்துக்கொண்டு போவார்கள். இங்கே கடையில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் அதற்குக் கருத்துச் சொல்லி முடித்தாக வேண்டும். இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சகோதர சகோதரிகளே, உங்கள் கடையிலும் இப்படித்தானா என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

ஒன்றரை எங்கே?

பக்கத்தில் ஊரிகத்தில் தயாளன் என்று ஒரு வீடியோக்காரர். கல்யாணம், காதுகுத்து, புத்த பூர்ணிமா ஊர்வலம் எல்லாவற்றுக்கும் அவர்தான். எடுத்ததையெல்லாம் பதினொரு பழைய ஹார்ட் டிஸ்க்குகளில் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் பிளாஸ்டர் ஒட்டி நம்பர் எழுதி, ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருந்தார். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்க்கப்போகிறேன் என்று பதினாறு டெராபைட் டிஸ்க் ஒன்றை ஆன்லைனில் வாங்கி, தன்னுடைய பழைய கம்ப்யூட்டரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்தார்.

மாட்டிப் பார்த்தால் திரையில் பதினான்கரைதான் காட்டியது. மனிதருக்கு முகம் தொங்கிவிட்டது. செய்த கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்து நான்கு வீதம் எண்ணுகிறது, பொருள் ஒன்றுதான் என்று காகிதத்தில் எழுதியே காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கணக்கெல்லாம் சரி சிஸ்டர், அந்த ஒன்றரைய கொரியர்காரன் எடுத்துக்கினானா, அத மட்டும் சொல்லுங்க."

மூணாம் நம்பர்

புது டிஸ்க்கை முழுக்கச் சோதித்துப் பார்க்காமல் அதில் ஒரு போட்டோகூட ஏற்ற மாட்டேன் என்பது என் சட்டம். பெரிய டிஸ்க் ஒன்று நல்லதா என்று அறிய அட்டையில் அச்சடித்த வேகம் உதவாது. முதலிலிருந்து கடைசி வரை எழுதி, எழுதியதை மறுபடி படித்துப் பார்க்க வேண்டும். பதினாறு டெராபைட்டுக்கு எழுத ஒரு நாள், படிக்க ஒரு நாள். இதைச் சொன்னதும் தயாளன் என் கையைப் பிடிக்காத குறையாக வெளியே கூப்பிட்டுப் போனார்.

கடைக்குள்ளே நாற்காலியில் மாசிலாமணி அண்ணன் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மைன்ஸில் அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் பேப்பர் ஏதாவது ஜெராக்ஸ் எடுக்க வருவார். எடுக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் வருவார். அவர் மகளுடைய கல்யாண வீடியோ மூணாம் நம்பர் டிஸ்க்கில் இருக்கிறதாம். வீட்டிலிருந்த டிவிடி கீறல் விழுந்து ஓடுவதில்லை. மனைவி இறந்து இரண்டு வருஷமாகிறது. அந்த அம்மாள் நடப்பதும் பேசுவதுமாக இருக்கிற படம் உலகத்தில் அந்த ஒன்றுதான். மூணாம் நம்பரோ ஒரு வாரமாகத் திணறுகிறது. தயாளன் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "போன மாசம் கேட்டாரு, பத்திரமா இருக்குதுண்ணேன்னு சொல்லிட்டேன். இப்ப அது பத்திரமா இருந்தாவணும் சிஸ்டர்."

சர்ஃபேஸ் டெஸ்ட்

மூணாம் நம்பரை யாரும் தொடக்கூடாது, புதுசு தேறியதும் ஒரே மூச்சில் இறக்கிவிடலாம் என்று சொல்லி, டின்னை மூடித் தயாளன் கையில் கொடுத்துவிட்டுச் சோதனையை ஆரம்பித்தேன். அன்றைக்கே என் சொந்த டிஸ்க்கில் அந்த ஒரு கல்யாணத்தை இறக்கியிருக்கலாம். முதலில் சோதனை, அப்புறம்தான் காப்பி என்ற என் சட்டமே பெரிதென்று இருந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

மாசிலாமணி அண்ணன் நாற்காலியைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு நாள் என்றால் ஆறு ஷிஃப்ட் என்று அவரே கணக்குப் போட்டு, ஒவ்வொரு ஷிஃப்டும் முடிகிற நேரத்தைப் பென்ஷன் பேப்பரின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். திரையில் பச்சைக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. இது இன்னா டெஸ்ட் என்று கேட்டார். சர்ஃபேஸ் டெஸ்ட் என்றேன். அவர் ஊரில், அதாவது எங்கள் ஊரில், சர்ஃபேஸ் என்றால் தரைக்கு மேலே வேலை, ஆபத்தில்லாத வேலை. ஏமாற்றத்தோடு என்னைப் பார்த்தார். "சர்ஃபேஸ்ல இருக்கறவனுக்கு இன்னாம்மா ஆவப்போவுது? அண்டர்கிரவுண்டுல யாரு போயி பாக்கறது?"

கேஜ் ஆடுது

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் டிஸ்க்கைப் பொருத்தும் தகரக் கூட்டுக்குக் கேஜ் என்று பெயர். தயாளனின் பெட்டி பழசு. இந்தப் பெரிய டிஸ்க்குகளில் நடுவில் திருகு போடும் ஓட்டை இருப்பதில்லை என்பது உங்களில் அடிபட்டவர்களுக்குத் தெரியும். முன்பக்கம் மட்டும் திருகு பிடித்தது, பின்பக்கம் தொங்கிக்கொண்டு அதிர்ந்தது. கேஜ் ஆடுகிறது என்று நான் வாய்க்குள் முனகியதுதான் தாமதம், மாசிலாமணி அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். ஆட்களைச் சுரங்கக் குழியான ஷாஃப்ட்டில் இறக்குகிற கேஜில் முப்பது வருஷம் போய்வந்தவர் அல்லவா. நான் தகரத்தில் புது ஓட்டை போட்டு நாலாவது திருகை முடுக்கும்வரை உட்காரவே இல்லை.

அப்புறமும் டிஸ்க் ஐந்து விநாடிக்கு ஒருதரம் 'டொக்' என்றது. இந்த ரகத்துக்கு அது இயல்பான சத்தம், உள்ளே முள் தன்னைத்தானே நகர்த்திக்கொள்கிறது, பயப்பட வேண்டாம் என்று தயாளனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். தயாளன் நம்பத் தொடங்கிய நேரத்தில் மாசிலாமணி அண்ணன் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "உள்ள கல்லு இப்பிடி டொக்குனு பேசுச்சின்னா நாங்க இயல்பா இருக்குதுன்னு நின்னுகினு இருக்க மாட்டோம்மா, ஓடிடுவோம்."

அஞ்சாவது ஷிஃப்ட்

எழுதும் வேலை மூன்று ஷிஃப்டில் குறையில்லாமல் முடிந்தது. படிக்கும்போது, அஞ்சாவது ஷிஃப்ட் நடுவில் ஒரு சிவப்புக் கட்டம் விழுந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. மத்தியானத்துக்குள் நாற்பதுக்கு மேல். புத்தம் புது டிஸ்க், தான் எழுதினதையே அதற்குப் படிக்கத் தெரியவில்லை. சத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எவ்வளவு சொல்லியும் பயனில்லை, அன்று முழுக்க மாசிலாமணி அண்ணன் முகத்தில் 'நான்தான் சொன்னேனே' இருந்தது. திருப்பி அனுப்பினால் மாற்று வந்து சேரப் பத்து நாள் ஆகும்.

பத்து நாள் மூணாம் நம்பர் தாங்காது. என் மெஷினில் இருந்த சினிமாவையெல்லாம் அழித்து இடம் பண்ணிவிட்டு, டின்னோடு உடனே வரும்படி தயாளனைக் கூப்பிட்டேன். வந்தார். டிஸ்க்கைக் கையில் வாங்கினால் சூடாக இருந்தது. தொடாதே என்று சொன்ன பொருளைத் தொடாமல் இருந்த வாடிக்கையாளரை நீங்கள் யாராவது பார்த்திருந்தால் எனக்கு எழுதுங்கள். என்ன பண்ணினீர்கள் என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒண்ணும் பண்ணல சிஸ்டர், உயிரோட இருக்குதான்னு காலைல சாயந்தரம் ரெண்டு வேளையும் போட்டுப் போட்டுப் பாத்தேன்."

பதினொரு நிமிஷம்

அதற்கு மேல் மாசிலாமணி அண்ணனிடம் மறைக்க முடியவில்லை. டிஸ்க்கில் இருப்பது யாருடைய கல்யாணம் என்று நான்தான் சொன்னேன். அவர் கட்டங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார். மூணாம் நம்பர் நின்று நின்று ஓடியது. சாயங்காலம் ஆறு மணிக்கு முற்றிலும் நின்றது, அப்புறம் எழவே இல்லை. அதற்குள் கல்யாணம் வந்து சேர்ந்திருந்தது, நடுவில் பதினொரு நிமிஷம் தவிர. போனது எது தெரியுமா? பிக்கு பஞ்சசீலம் சொல்லி, பெண்ணும் மாப்பிள்ளையும் மாலை மாற்றிக்கொண்ட இடம். தயாளன் சுவரோரம் போய்த் திரும்பி நின்றுகொண்டார். எனக்கும் அழுகை வந்தது. கல்யாண வீடியோவில் கல்யாணத்தையே காணோம் என்று அந்தப் பெரியவரிடம் எந்த வாயால் சொல்வது? சொன்னேன்.

"மாலை மாத்தனப்ப நான் பக்கத்துலதான நின்னுகினு இருந்தேன், அது எனக்குத் தெரியும். சாப்பாட்டுப் பந்தி இருக்குதா, அதப் போடு" என்றார். போட்டேன். அவர் மனைவி பந்தியில் உட்கார்ந்து வாய் நிறையச் சோற்றோடு கேமராவைப் பார்க்கிறார். இடது கையை ஆட்டி, "இன்னாய்யா வீடியோக்காரரே, தின்னும்போதா எடுப்பாங்க? வெவஸ்தையே இல்ல, போங்க அந்தாண்ட" என்று தயாளனை விரட்டுகிறார். பக்கத்தில் இருந்த கணவரையும், "இத கேக்க மாட்டியா நீ, சும்மா நின்னுகினு இரு" என்று சேர்த்துத் திட்டுகிறார். அவ்வளவுதான், அப்புறம் கேமரா வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. மாசிலாமணி அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்தார். "இன்னொரு தபா திட்டச் சொல்லும்மா."

என் கடையிலிருந்து ஒரு மனிதர் முழுத் திருப்தியோடு வீட்டுக்குப் போனது இதுவரை அந்த ஒரு சாயங்காலம்தான், அதுவும் நான் செய்த வேலைக்காக இல்லை, ஒரு அம்மாள் திட்டிய திட்டுக்காக என்பதை இதே தொழிலில் இருக்கும் உங்களுக்குப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.