நிலைப்படி இல்லாத வீடு

அன்பான சபையாரே, என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். அடுப்பில் பால் வைத்தால் பொங்கி வழிந்துவிடுமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறவள் நான். அப்படிப்பட்டவளைத்தான் அப்பா தம் உயிலை நிறைவேற்றிவைக்கும் எக்ஸிகியூட்டராகப் போட்டுவிட்டுக் கண்ணை மூடினார். அது 1934ஆம் வருஷம், ஐப்பசி மழைக்காலம்.

மந்தைவெளி வீட்டை என் தங்கை தவமணிக்கு எழுதியிருந்தார். சிறு வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இரண்டு காலும் விளங்காமல் போயிற்று. சக்கரம் வைத்த பலகையில் உட்கார்ந்து, கையால் தள்ளிக்கொண்டே வீடு முழுக்கப் போய்வருவாள். மற்றதெல்லாம் ரங்கூனில் இருந்த அண்ணனுக்கும் எனக்கும். நியாயமான உயில்தான். ஆனால் மயிலாப்பூர் வக்கீல் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சாட்சிக் கையெழுத்து போட்டிருக்கறது யாரும்மா?"

"ஒருத்தர் பக்கத்து வீட்டுக்காரர். இன்னொண்ணு தவமணிங்க."

"ஆத்துல இருக்கற பொண்ணுதானேன்னு வாங்கிட்டார் போலிருக்கு. சாட்சி போட்டவாளுக்கே சொத்து எழுதினா செல்லாதும்மா. வீடு மூணு பேருக்கும் பொதுவாயிடும். அண்ணாவும் நீங்களும் பங்கை விட்டுக் குடுத்தாத்தான் அவளுக்கு."

என் பங்கு எனக்கு வேண்டாம். ஆனால் அண்ணன்? வக்கீல் சொன்னதை மறைக்காமல் அவருக்கு எழுதினேன். வீட்டை விற்றுவிடலாம், கப்பல் ஏறுகிறேன் என்று பதில் வந்தது. மூத்தவன் இருக்க என்னை எக்ஸிகியூட்டராகப் போட்ட கோபமும் அதில் இருந்தது.

விற்றால் தவமணி எங்கே போவாள்? என் வாடகைக் குடித்தனமோ மாடியில், அவள் பலகை படியேறாது. எனக்குச் சோறு இறங்கவில்லை. போயும் போயும் அவளிடமா கையெழுத்து வாங்கினீர்கள் என்று செத்துப்போன அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது. அவளிடம் இதைச் சொல்லவும் தைரியமில்லை. "ஆண்டவரே, அண்ணன் மனசு இளகுகிற மாதிரி நாலு வார்த்தை என் வாயில் தாரும்" என்று அழுது ஜெபித்தேன். அரிசி களையும்போதும் அண்ணனிடம் பேசவேண்டியதை ஒத்திகை பார்ப்பேன். மறுநாள் எல்லாம் மறந்துபோகும்.

அண்ணன் ஒரு காலைவேளையில் பெட்டியோடு மந்தைவெளி வீட்டில் வந்து இறங்கினார். முகம் இறுகியிருந்தது. கூடத்திலிருந்து உள்ளறைக்குப் போகும்போது, சின்ன வயசுப் பழக்கத்தில், நிலைப்படியைத் தாண்டுவதற்காகக் காலை உயரத் தூக்கினார். அங்கே படி இல்லை. தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இங்க இருந்த படி எங்க?"

"அப்பா அறுத்து எடுத்துட்டாங்கண்ணா. என் பலகை இடிக்குதுன்னு" என்றாள் தவமணி. "எல்லாக் கதவுலயும் எடுத்துட்டாங்க. படி இல்லாத வீடு ஆகாதுன்னு தெருவே சொல்லிச்சு. கேக்கலை."

அண்ணன் ஒவ்வொரு அறையாகப் போனார். அடுக்களை, குளிக்கும் அறை, கொல்லைக் கதவு. எல்லா இடத்திலும் குனிந்து, அறுத்த மரத்தைத் தடவிப் பார்த்தார். திரும்பி வந்து, தரையில் அவள் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் வாயைத் திறந்தேன், ஒரு வார்த்தையும் வரவில்லை.

"வக்கீல் வீடு எங்க இருக்கு?" என்றார் அண்ணன். "இத வித்துட்டு இவள எந்த வீட்ல கொண்டுபோய் வைக்கறது? நாளைக்கே எழுதிக் குடுத்துடுவோம்."

அப்படியே நாங்கள் இருவரும் எழுதிக் கொடுத்தோம். திரும்பக் கப்பல் ஏறும்வரை அண்ணன் அந்த இடத்தில் காலைத் தூக்கித்தான் வைத்தார். தவமணி ஒவ்வொரு தடவையும் சிரித்தாள்.

கவலையில் இருக்கிறவர்களே, ஆண்டவரிடம் சொல்லிவிட்டுத் தைரியமாக இருங்கள். பால் வைத்தால் நான் இன்னும் பக்கத்திலேயேதான் நிற்கிறேன், ஆனால் இப்போது ராத்திரி தூக்கம் வருகிறது. நான் கேட்டது நாலு வார்த்தை. அதைக் கர்த்தர் தரவே இல்லை. நான் முழங்கால் போடுவதற்குப் பல வருஷம் முன்பே, அப்பா கையில் ஒரு ரம்பத்தைக் கொடுத்து, பதிலை ஆயத்தம் செய்துவைத்திருந்தார்.