நூலை உருவிய பூக்கள்

எனக்கு மூக்கு நுனியில் கோபம். மொன்றியல் பக்கம் புவாண்ட்-கிளேர் ஏரிக்கரை மண்டபத்தில் சனிக்கிழமைகளில் ஹவாய்க் கடலோடிகளைப் பற்றி இலவச வகுப்பு என்று, அக்காவின் மகள் அக்காவின் பெயரையும் என் பெயரையும் பதிந்துவிட்டு வந்தபோது கத்தினேன். கிழமை முழுக்க டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்கிவிட்டு, சனிக்கிழமை போய்க் கடல் படிப்பதா?

"மன்னார்ச் சனத்துக்கு ஆரடி கடல் படிப்பிக்கிறது?" என்றேன். சனிக்கிழமை வந்ததும் அக்கா கோட்டை எடுத்துப் போட்டாள். நான் அசந்துபோனேன்.

போருக்குள் தலைமன்னார்க் கரையிலிருந்து இராமேஸ்வரத்துக்கு வெளிக்கிட்ட நாளிலிருந்து அக்கா படகு என்ற சொல்லையே வாயில் எடுத்ததில்லை. முதல் படகில் நாலு பேருக்குத்தான் இடம். அக்காவையும் பிள்ளைகள் இரண்டையும் என்னையும் ஏற்றிவிட்டு, அடுத்ததில் வருகிறேன் என்றார் அத்தான். அடுத்தது வரவேயில்லை.

மொன்றியலுக்கு வந்த பிறகு ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் அக்கா பிளாஸ்டிக் மலர்வளையம் ஒன்றை வாங்கி இந்த ஏரியில் விடுவாள். "இந்தத் தண்ணி கடலுக்குத்தானே போகுது. உண்மைப் பூ வாடிப்போம். இது அவரிட்டைப் போய்ச் சேருமட்டும் வாடாது" என்பாள். எல்லாவற்றுக்கும் வாய் காட்டும் நான் இதற்கு மட்டும் வாய் திறந்ததில்லை.

வகுப்பு எடுத்தவள் ஹவாய்க்காரி. கல்யாணம் கட்டி இங்கே வந்தவள். தரையில் கற்களை வட்டமாக அடுக்கி, எந்த நட்சத்திரம் எந்தக் கல்லில் எழும்பும், எந்தக் கல்லில் விழும் என்று காட்டினாள். வரைபடம் இல்லை, திசைகாட்டி இல்லை. படகு அசையாமல் நிற்கிறது என்றே ஓட்டுகிறவர் மனதில் வைத்துக்கொள்வாராம். நட்சத்திரங்கள் கடந்து போகும், அலைகள் கடந்து போகும், கடைசியில் தீவு அவரிடம் வரும். என்ர மாதாவே! எனக்கு மயிர் கூச்செறிந்தது. அடுத்த சனிக்கிழமை அக்காவுக்கு முன்னால் நான் வெளிக்கிட்டு நின்றேன்.

படகில் போகிறவர்கள் குப்பையைக் கடலில் போடுவதில்லை, நாங்கள் நிற்கிற நிலமும் ஒரு படகுதான் என்றாள் அவள். அதனால் கடைசி வகுப்பு ஏரிக்கரையைத் துப்புரவாக்குவது. முடிவில் எல்லாருக்கும் போடவென்று உண்மைப் பூவில் மாலைகளும் கட்டி வந்திருந்தாள்.

முழங்கால் சப்பாத்தோடு நாணலுக்குள் இறங்கிய அவள், சிக்குப்பட்ட ஒரு குவியலை இழுத்து வெளியே போட்டாள். சிவப்பு பிளாஸ்டிக் ரோசாக்கள், வெள்ளி ரிப்பன். எண்ணிப் பார்த்தேன், ஐந்து வளையம்; நாங்கள் இங்கே வந்ததும் ஐந்து வருடம். ஒரு ரிப்பனில் வாத்து ஒன்றின் காலெலும்பு சுற்றிக் கிடந்தது. பக்கத்தில் நின்றவர் பிரெஞ்சில் திட்டினார்.

அக்கா பேசாமல் இருந்திருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திராது. அவள் கையை உயர்த்தி, "இது என்ரை" என்று தமிழிலேயே சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அப்ப ஒண்டும் போகேல்லையோ? ஒண்டு கூடவோ?"

ஹவாய்க்காரிக்கு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் ஈரக் கல்லில் குந்திக்கொண்டு, குப்பையைப் பற்றிக் கேட்கவேயில்லை. படகேறிய அன்றிரவு காற்று எது, அலை எந்தப் பக்கம், வடக்கு நட்சத்திரம் எங்கே நின்றது என்று கேட்டாள். விசர்க் கேள்வி என்று நினைத்துக்கொண்டுதான் மொழிபெயர்த்தேன்.

"தென்மேற்கால வாற சோளகக் காத்து. அலை இடப்பக்கம் அடிச்சது. நட்சத்திரம் எங்கட வலப்பக்கம், சின்னவன்ர தலைக்கு மேல. அவர் முழங்காலளவு தண்ணியில நிண்டவர். காணுமட்டும் அவரைத்தான் பாத்துக்கொண்டு வந்தனான்" என்றாள் அக்கா.

அதே படகில் இருந்த எனக்கு நான் குடல் புரட்டிச் சத்தி எடுத்தது மட்டும்தான் ஞாபகம். இவளோ கடல் முழுவதையும் உள்ளே வைத்திருந்திருக்கிறாள். என் சொந்த அக்காவை அன்றுதான் வாய் பிளந்து பார்த்தேன்.

ஹவாய்க்காரி தன் கழுத்து மாலையைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தாள். கடலில் போனவர்களுக்கு அவர்களும் பூப் போடுவார்களாம். ஆனால் நூலை முதலில் உருவிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆமையின் கழுத்தில் சிக்கும். பூ வாடட்டும், வாடினால்தான் தண்ணீரோடு சேரும் என்றாள்.

அக்கா ஒவ்வொரு பூவாக உருவினாள். நூலைச் சுருட்டிக் கோட்டுப் பைக்குள் வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் குளிர் தண்ணீருக்குள் முழங்கால்வரை இறங்கினாள். அத்தானை வரச் சொல்லி அழப்போகிறாள் என்று நினைத்து நானும் பின்னால் இறங்கினேன். அவள் அழவில்லை. பூக்களைத் தண்ணீரில் விட்டுவிட்டு, அடுப்படியில் நின்று பேசுவதுபோலப் பேசினாள்.

"இஞ்சாருங்கோ, நாங்கள் நாலு பேரும் கரை சேந்திட்டம். உங்களுக்குத் தெரியாதெல்லே."